ஹைட்ரஜன் கலந்து எரிக்கும் பர்னர் செட்: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் 30 மெகாவாட் கேஸ் டர்பைனில் பழைய பர்னர்களைக் கழற்றிவிட்டு, இயற்கை எரிவாயுவோடு 30 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்து எரிக்கும் புது பர்னர் செட்டை மாட்டி ஒன்றரை வருடம் ஆகிறது. பர்னர், கலவை ஸ்கிட் (இரண்டு வாயுவையும் அளந்து கலக்கும் வால்வு-பைப் தொகுப்பு), கன்ட்ரோல் சாஃப்ட்வேர் மூன்றும் ஒரே கம்பெனியிடமிருந்து ஒரே பேக்கேஜாக வந்தன. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இங்கே சொல்லப்போவது இந்த வகை பர்னரை யாரிடம் வாங்கினாலும் பொருந்தும். மொத்தத்துக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். பர்னருக்கு மட்டும் கேட்டால் நாலரை, ஸ்கிட்டுக்கு மூன்றுதான்.

வாங்க யோசிக்கிறவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு லோடில், கலவை ஆடாமல் அசையாமல் இருக்கும்போது நாக்ஸ் (காற்றைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள்) எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு, வருகிறது என்ற ஒரு நம்பரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்த நம்பரை இன்றைக்கு எல்லோரும் காட்டிவிடுவார்கள். லோடு சட்டென்று இறங்கும்போதும், ஹைட்ரஜன் வரத்து மாறும்போதும் அந்த பர்னரும் அதற்கு முன்னால் இருக்கும் வால்வுகளும் எப்படி நடந்துகொள்கின்றன என்று கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்காமல் வாங்கினோம், மூன்று வாரம் அலைந்தோம்.

இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் பக்கத்து குளோர்-ஆல்கலி ஆலை. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தி குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கிறார்கள். அப்போது ஒரு டன் குளோரினுக்குச் சுமார் 28 கிலோ ஹைட்ரஜன் கேட்காமலே கூட வரும். பல வருடமாக அதில் பெரும்பகுதியைப் புகைபோக்கி வழியாக மேலே விட்டுக்கொண்டிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போதெல்லாம் அந்தப் புகைபோக்கியைப் பார்த்து, நல்ல எரிபொருள் இப்படி வீணாகப் போகிறதே என்று எனக்கு மனசு பொறுக்காது. எங்கள் டர்பைன் தரும் மின்சாரத்தின் பெரிய வாடிக்கையாளரும் அதே ஆலைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது முக்கியமாக வரும்.

ஹைட்ரஜன்தான் கிடைக்கிறதே, பழைய பர்னரிலேயே விட்டு எரிக்கலாமே என்று எங்கள் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய பர்னரும் நாக்ஸ் குறைவாக விடும் வகைதான். எரிபொருளையும் காற்றையும் எரியும் இடத்துக்குப் போவதற்கு முன்பே நன்றாகக் கலந்து, காற்று அதிகமாக இருக்கும் மெலிந்த கலவையாக அனுப்பும். மெலிந்த கலவையில் சுடரின் வெப்பம் அடங்கியிருக்கும். சுடர் வெப்பம் 1500 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போனால்தான் காற்றில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நாக்ஸாக மாறுவது வேகம் பிடிக்கும், அதற்கு மேல் ஒவ்வொரு ஐம்பது டிகிரிக்கும் தாவித்தாவி ஏறும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதியாக இருக்கும் மீத்தேனுக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஹைட்ரஜன் வந்தால் இரண்டு பக்கமும் இடிக்கிறது. சாதாரண அழுத்தத்தில் மீத்தேன் சுடர் வினாடிக்குச் சுமார் 0.4 மீட்டர் வேகத்தில் நகரும், ஹைட்ரஜன் சுடர் 2 மீட்டருக்கு மேல் ஓடும். மீத்தேன் சுடர் 2 மில்லிமீட்டர் சந்தில் அணைந்துவிடும், ஹைட்ரஜன் சுடரோ 0.6 மில்லிமீட்டர் சந்து கிடைத்தாலே நுழைந்து போய்விடும். பற்றவைக்கத் தேவையான சக்தியும் மீத்தேனுக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம் வரை எந்த அளவில் இருந்தாலும் பற்றும், மீத்தேனுக்கு 5 முதல் 15 வரைதான். ஆகவே முன்கலந்த கலவை பர்னர் குழாய்க்குள் வந்துகொண்டிருக்கும்போதே சுடர் எதிர்த்திசையில் பின்னால் ஓடி வந்து, எரியவே கூடாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஃபிளாஷ்பேக் என்பது இதுதான். அந்த இடத்து உலோகம் சுடரைத் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல, சில வினாடியில் உருகும்.

சரி, முன்கலக்காமல் ஹைட்ரஜனைத் தனியாக விட்டு எரித்தால்? ஃபிளாஷ்பேக் பயமே இருக்காது. இந்த முறைக்கு வயது அதிகம். ஹான்ஸ் ஃபான் ஓஹைன் 1937-இல் ஜெர்மனியில் ஓட்டிக்காட்டிய அவருடைய முதல் ஜெட் எஞ்சினே ஹைட்ரஜனில்தான் ஓடியது. தென்கொரியாவில் டேசான் சுத்திகரிப்பு ஆலையில் 70 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் உள்ள வாயுவில் ஜிஇ 6பி டர்பைன் ஒன்று இருபது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ஆக, ஹைட்ரஜனை எரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாக்ஸ் ஏறாமல் எரிப்பதுதான் வித்தை. தனியாக விட்டு எரித்தால் எரிபொருளும் காற்றும் சந்திக்கும் எல்லையில் வெப்பம் உச்சிக்குப் போய்விடும், அங்கே ஹைட்ரஜன் சுடர் மீத்தேனைவிட நூறு டிகிரிக்கும் மேல் கூடுதல் சூடு. அதை அடக்கத் தண்ணீரோ நீராவியோ தெளிக்க வேண்டும். 2018-இல் கோபே துறைமுகத் தீவில் கவாசாகி முழு ஹைட்ரஜனில் டர்பைனை ஓட்டி அக்கம்பக்கக் கட்டடங்களுக்கு மின்சாரமும் வெப்பமும் கொடுத்தபோது தண்ணீர் தெளித்துத்தான் நாக்ஸைக் கட்டுப்படுத்தினார்கள். நியூயார்க் மாநிலத்தில் பிரென்ட்வுட் நிலையத்தின் எல்எம்6000 டர்பைனில் 44 சதவீதம் வரை கலந்து பார்த்த சோதனையிலும் தண்ணீரும், புகைபோக்கிப் பக்கத்தில் அம்மோனியா விட்டு நாக்ஸைச் சிதைக்கும் வினையூக்கியும் சேர்ந்துதான் வரம்புக்குள் வைத்தன. தண்ணீர் என்றால் உப்பு நீக்கிய சுத்தத் தண்ணீர், அதற்கு ஒரு பிளான்ட், அதோடு செயல்திறனும் குறையும். எங்கள் இடத்தில் அந்த அளவுக்குத் தண்ணீருக்கு வழியில்லை.

மிச்சமிருந்த வழி, பெரிய சுடர் ஒன்றை நூற்றுக்கணக்கான குட்டிச் சுடர்களாகப் பிரித்துவிடுவது. கவாசாகி 2020-இல் அதே கோபேயில், தண்ணீர் இல்லாமலே முழு ஹைட்ரஜனில் ஓட்டிக்காட்டியது இந்த வழியில்தான். ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பக் கல்லூரியில் பல வருடமாக வளர்த்தெடுத்த மைக்ரோமிக்ஸ் என்ற முறை அது. எங்களுடையது அந்தக் குடும்பத்தின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒவ்வொரு பர்னரின் முகத்திலும் பென்சில் பருமனுக்கும் குறைவான குழாய்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், ஒவ்வொரு குழாயின் சுவரிலும் எரிபொருள் நுழைய ஊசித் துளைகள். குழாய் சின்னதாக இருப்பதால் எரிபொருளும் காற்றும் கொஞ்ச தூரத்திலேயே கலந்துவிடும், காற்றும் வேகமாகப் போவதால் சுடர் எதிர்த்து ஏறி வர முடியாது. சுடர் குட்டையாக இருப்பதால் சூடான வாயு அந்த உச்ச வெப்பத்தில் நிற்கும் நேரமும் குறைவு, நாக்ஸ் உருவாக அவகாசமே கிடைப்பதில்லை. பெட்டியைப் பிரித்து முதல் பர்னரை மேஜைமேல் வைத்தபோது எங்கள் ஃபிட்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இது இடியாப்ப அச்சு மாதிரி இருக்கு" என்றார். அதைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது.

முழு லோடில் நாக்ஸ் விஷயத்தில் எனக்குக் குறையே இல்லை. உத்தரவாதம் 25 பிபிஎம், எந்தக் கலவையிலும் அதற்குள்தான் நின்றிருக்கிறது. எதிர்பார்க்காத ஒரு நன்மையும் கிடைத்தது. குறைந்த லோடில் பழைய பர்னர் திணறும், சுடர் அணைந்துவிடுமோ என்று இருக்கும், கார்பன் மோனாக்சைடு ஏறும். ஹைட்ரஜன் கொஞ்சம் கலந்தால் மெலிந்த கலவையிலும் சுடர் உறுதியாகப் பிடித்து நிற்கிறது. முன்பு போக பயந்த லோடில் இப்போது ராத்திரி முழுக்க நிம்மதியாக ஓட்டுகிறோம். இதற்காகவே இதை வாங்கலாம் என்றுகூடச் சொல்வேன்.

நாக்ஸ் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை, வாங்கப் போகும்போது இதில் ஏமாந்துவிடாதீர்கள். வரம்பை எப்போதும் ஈரம் நீக்கிய வாயுவில், 15 சதவீத ஆக்சிஜனுக்குத் திருத்திய பிபிஎம்மாகத்தான் சொல்கிறார்கள். இது மீத்தேன் காலத்துக் கணக்கு. மீத்தேன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும், ஈரத்தை நீக்கினாலும் கார்பன் டை ஆக்சைடு மிஞ்சி நிற்கும். ஹைட்ரஜன் எரிந்தால் நீராவி மட்டும்தான், அதை நீக்கிவிட்டால் மிச்சம் குறைந்துபோகும், அதே அளவு நாக்ஸ் குறைந்த வாயுவில் இருப்பதால் பிபிஎம் ஏறித் தெரியும். ஜார்ஜியா டெக் ஆராய்ச்சியாளர்கள் போட்டுக் காட்டிய கணக்குப்படி, முழு ஹைட்ரஜனில் இந்த மாயம் மட்டுமே சுமார் 40 சதவீதம் வரை வரும். 30 சதவீதக் கலவையில் இது சின்ன விஷயம்தான். ஆனால் 50, 75, 100 என்று பேசும் கம்பெனிகளிடம், ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு எத்தனை மில்லிகிராம் நாக்ஸ் என்று கேட்டு வாங்குங்கள். அப்போதுதான் ஒன்றை ஒன்றோடு ஒப்பிட முடியும்.

இனி அந்த ராத்திரி. மாட்டி இரண்டாவது மாதம், நைட் ஷிப்ட், 28 சதவீதக் கலவையில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஆலையில் உப்புக் கரைசலுக்கு நேர்மின்சாரம் (டிசி) கொடுக்கும் ஒரு ரெக்டிஃபையர் ட்ரிப் ஆனது. நான் முன்பே சொன்னேனே, எங்கள் மின்சாரத்தை எடுப்பவர்களும் அவர்கள்தான், ஹைட்ரஜனைத் தருபவர்களும் அவர்கள்தான். ஒரே நொடியில் எங்கள் லோடு பாதிக்குக் கீழே விழுந்தது. டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் தன் வேலையைச் சரியாகச் செய்து எரிவாயு வால்வைப் படக்கென்று மூடியது. ஹைட்ரஜன் வால்வு அதைவிட மெதுவாக மூடியது, அதோடு ஹைட்ரஜன் பைப்பில் அடைந்து கிடந்த அழுத்தம் வேறு உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது. சில வினாடிகள் பர்னருக்குள் போன கலவை 30-ஐத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அதே நேரம் காற்றும் குறைந்துகொண்டிருந்தது. நான்காவது பர்னரின் முனையில் வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளின் கோடு திரையில் மற்ற கோடுகளை விட்டுப் பிரிந்து மேலே ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன். என்ன என்று யோசிப்பதற்குள் அறுபது டிகிரி ஏறிவிட்டது.

பாதுகாப்பு லாஜிக் ஹைட்ரஜனை வெட்டியது, பைப்பை நைட்ரஜனால் கழுவியது, டர்பைன் ட்ரிப் ஆகாமல் இயற்கை எரிவாயுவிலேயே நின்றது. பர்னர் வடிவமைத்தவர்களை இதற்காக மனதாரப் பாராட்டுகிறேன். பிற்பாடு போரோஸ்கோப் (மெஷினைப் பிரிக்காமல் உள்ளே பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டுப் பார்த்தோம். நான்காவது பர்னரின் ஒரு ஓரத்தில் ஏழெட்டுக் குழாய்களின் வாயில் மட்டும் லேசாக நீலம் பாய்ந்திருந்தது, உருகல் இல்லை, விரிசல் இல்லை. சுடர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

கோபம் வந்தது அதற்குப் பிறகுதான். கம்பெனியின் சர்வீஸ் ஆட்கள் தெர்மோகப்பிள் கோளாறு என்றார்கள். மாற்றினோம். மறுபடி ஒரு சின்ன லோடு இறக்கத்தில் அதே கோடு ஏறியது. பிறகு ஹைட்ரஜன் தரம் சரியில்லை என்றார்கள். கலவையை அளக்கும் குரோமட்டோகிராப் ஒரு ரீடிங் தரவே சில நிமிடம் எடுக்கும், நடந்ததோ சில வினாடியில், அதில் எதுவும் பதிவாகியிருக்காது. கடைசியில் எங்கள் இன்ஸ்ட்ருமென்ட் பையன்தான் இரண்டு வால்வுகளின் நிலையையும் வினாடிக் கணக்கில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து வைத்தான். எரிவாயு வால்வு முழுசாக இறங்கி முடித்த பிறகும் ஹைட்ரஜன் வால்வு நடந்துகொண்டே இருந்தது பளிச்சென்று தெரிந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு ஒப்புக்கொண்டு லாஜிக்கை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது லோடு இறங்கும்போது ஹைட்ரஜன் முதலில் இறங்கும், ஏறும்போது இயற்கை எரிவாயு முதலில் ஏறும், பெரிய இறக்கம் என்றால் ஹைட்ரஜன் உடனே வெட்டப்பட்டு பைப்பில் மிஞ்சியது வெளியே போய்விடும். பாய்லரில் காற்றையும் எரிபொருளையும் இப்படித்தான் ஒன்றை ஒன்று மீறாதபடி காலங்காலமாகக் கட்டி வைக்கிறோம். இது முதல் நாளே பெட்டிக்குள் வந்திருக்க வேண்டிய விஷயம். ஸ்கிட்டுக்கு மூன்று மதிப்பெண் இதனால்தான். மாற்றிய பிறகு இதே போல ரெக்டிஃபையர் ட்ரிப் பல தடவை ஆகிவிட்டது, நான்காவது பர்னரின் கோடு மற்றவற்றோடு சேர்ந்தே நடக்கிறது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பர்னருக்கு ஒரு குறிப்பிட்ட லோடில் கனமான உறுமல் இருக்கும், எங்களுக்கெல்லாம் பழகிப்போனது. அது போய்விட்டது. சுடர் குட்டையானதால் அதிர்வு இன்னும் மேல் சுருதிக்கு நகர்ந்துவிட்டது, காதுக்குப் பெரிதாகத் தெரியாது, அழுத்த சென்சார் மட்டும் சொல்லும். பழைய சென்சார் செட்டிங்கை அப்படியே விட்டுவிடாதீர்கள், புது அதிர்வை அது கவனிக்கவே கவனிக்காது.

பர்னருக்கு வெளியே செலவு எவ்வளவு இழுக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஹைட்ரஜன் பைப் போகும் இடத்தில் உள்ள மின்கருவிகளெல்லாம் ஐஐசி வகுப்புக்கு, அதாவது ஹைட்ரஜன் போல எளிதில் பற்றும் வாயு உள்ள இடத்துக்கான பாதுகாப்பு வகைக்கு, மாற வேண்டும். ஹைட்ரஜன் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் புற ஊதாக் கதிரைப் பார்க்கும் தீ உணரிகள் வேண்டும். கசிவு உணரிகளைக் கூரை ஓரமாக, வாயு போய்த் தேங்கும் மூலையில் வைக்க வேண்டும். பைப்பில் உள்ள ஒவ்வொரு ஃபிளாஞ்சையும் (இரண்டு பைப்பை போல்ட் போட்டு இணைக்கும் வளையம்) நாங்கள் மாதம் ஒருமுறை பார்க்கிறோம். ஃபிளாஞ்சின் இடுக்கைச் சுற்றி டேப் ஒட்டி, மேல் பக்கம் குண்டூசியால் ஒரு துளை போட்டு, கொஞ்ச நேரம் கழித்து அந்தத் துளையில் கையடக்க மீட்டரின் மூக்கை வைப்போம். எத்தனையோ முறை நைட்ரஜனில் அழுத்தம் ஏற்றிப் பார்த்தபோது கசியாத இடம் ஹைட்ரஜனில் கசிந்திருக்கிறது. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வளிமண்டலத்துக்குப் போகும் ஹைட்ரஜன், மீத்தேன் அங்கே இன்னும் நீண்ட நாள் தங்கக் காரணமாகிறது. நூறு வருடக் கணக்கில் எடைக்கு எடை பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 12 மடங்கு சூடேற்றும் என்பது 2023-இல் வந்த ஆய்வின் கணக்கு. கரியமில வாயுவைக் குறைக்கத்தானே இத்தனை பாடும்?

ஊசித் துளைகள் என்றேன். பைப்பிலிருந்து உதிரும் துருத் துகள் ஒன்று போதும் அடைக்க. பர்னருக்கு முன்னால் கம்பெனி கொடுத்த ஃபில்டரோடு எங்கள் செலவில் இன்னொன்றும் போட்டோம். பக்கத்து ஆலையிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஈரமாகவும், காஸ்டிக் சாரலோடும் வரும் என்பதால் கழுவி உலர்த்தும் யூனிட்டும் தனியாக வைக்க வேண்டியிருந்தது.

இப்போது எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம். 30 சதவீதம் ஹைட்ரஜன் என்றால் கார்பன் டை ஆக்சைடு 30 சதவீதம் குறையும் என்று நினைக்கிறார்கள். அந்த 30 என்பது கனஅளவில். ஒரு கனமீட்டர் ஹைட்ரஜனில் இருக்கும் வெப்பம் மீத்தேனில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே 30 கலந்தால் குறைவது சுமார் 11 சதவீதம்தான். அமெரிக்காவில் மெக்டொனா-அட்கின்சன் நிலையத்தில் ஜார்ஜியா பவரும் மிட்சுபிஷி பவரும் 2022-இல் 20 சதவீதம் கலந்து ஓட்டியபோது குறைந்தது சுமார் 7 சதவீதம் என்று அவர்களே சொன்னார்கள். பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் முக்கால் பங்குக்கு மேல் ஹைட்ரஜன் போக வேண்டும்.

அளவையும் பாருங்கள். எங்கள் மெஷினுக்கு 30 சதவீதக் கலவையில் மணிக்குச் சுமார் 285 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். சாதாரண எஃகுக் குழாய் டிரெய்லர் ஒன்றில் ஏறத்தாழ அவ்வளவுதான் வரும், ஆக லாரியில் வாங்கினால் மணிக்கு ஒரு லாரி. தண்ணீரை மின்னாற்பகுத்துச் செய்யலாம் என்றால் கிலோவுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் ஆகும், மணிக்கு 285 கிலோவுக்கு 15 மெகாவாட் அளவுக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஹைட்ரஜன் எங்கள் டர்பைனில் திருப்பித் தருவது மூன்றரை மெகாவாட்டுக்குக் கிட்டத்தில். எங்களுக்கு வீணாகப் போன ஹைட்ரஜன் கிடைத்தது, அதனால் இந்தக் கணக்கு பொருந்திவந்தது. இயற்கை எரிவாயுவைச் சிதைத்து எடுக்கும் ஹைட்ரஜனை வாங்கி எரிப்பதாக இருந்தால் தயவுசெய்து செய்யாதீர்கள், ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு அங்கே வெளியாகிறது, அந்த எரிவாயுவை நேராக டர்பைனிலேயே எரித்துவிடலாம். காற்றும் வெயிலும் உபரியாகத் தரும் மின்சாரத்தைச் சேமித்து வைத்து, அவை இல்லாத நாட்களில் எடுக்கத்தான் ஹைட்ரஜன் டர்பைன் தேவைப்படும். அதற்கு முழு ஹைட்ரஜனில் ஓடும் பர்னர் வேண்டும். பிரான்சில் சய்யா-சூர்-வியென் காகித ஆலையில் சீமென்ஸ் எனர்ஜியின் எஸ்ஜிடி-400 டர்பைன் 2023-இல் 100 சதவீதம் வரை போய்க் காட்டிவிட்டது. சின்ன, நடுத்தர மெஷின்களுக்கு வழி திறந்துவிட்டது, எனக்கு அதில் நிஜமான சந்தோஷம்.

எங்களிடம் அடுத்த பெரிய ஷட்டவுனில் 50 சதவீதத்துக்கு மாறுங்கள் என்று அதே கம்பெனி வந்திருக்கிறது. மெக்டொனாவில் 2025-இல் 50 வரை போய்விட்டார்கள், எங்களுக்கும் பக்கத்து ஆலையில் இன்னும் கொஞ்சம் ஹைட்ரஜன் மிச்சம் இருக்கிறது, கார்பன் டை ஆக்சைடும் 23 சதவீதம் வரை குறையும், ஆகவே ஆசை இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை எழுதி அனுப்பியிருக்கிறோம்: 50 சதவீதக் கலவையில் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் கண்முன்னால் லோடைப் பாதியாக வெட்டிக் காட்ட வேண்டும், எல்லா பர்னர் முனைத் தெர்மோகப்பிள்களும் வினாடிக் கணக்கில் பதிவாக வேண்டும், மறுநாள் போரோஸ்கோப் விட்டு ஒவ்வொரு குழாய் வாயையும் சேர்ந்து பார்க்க வேண்டும். பதில் வரும்வரை 30-இலேயே ஓட்டுகிறோம்.